லிஃப்ட்காரரின் எடை

எங்கள் மருந்துக்கடைக்கு மாதம் தவறாமல் வருபவர் லிஃப்ட்காரர். ஒரே கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவர், வயது எழுபத்தெட்டு. மனைவி போய் இரண்டு வருடமாகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் வாங்குவார். "எத்தனையோ பேரை மேல ஏத்தி விட்டேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கலம்மா" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

கால் எரிச்சலுக்கு அவருக்கொரு மாத்திரை. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பிலேயே தங்கித் தலை சுற்றும். அதனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலுள்ள கிரியாட்டினின் அளவு, வயது, எடை எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பேன். "மாத்திரை கேட்டா இந்தம்மா போலீஸ் மாதிரி விசாரிக்குது" என்று தெருவே கேலி செய்யும். செய்யட்டும், எனக்கென்ன!

அன்று நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார்.

"என்னய்யா இது?"

"ஒண்ணுமில்லம்மா, குளியலறையில விழுந்துட்டேன். மூணாவது தடவை."

புதுச் சீட்டைப் பார்த்தேன். கிரியாட்டினின் 1.3, போன தடவையும் அதேதான்.

"எடை எவ்வளவு?"

"அறுபத்தி நாலு."

எப்போதும் சொல்லும் அதே அறுபத்து நாலு. பெல்ட்டைப் பார்த்தேன், ஆணியால் குத்திய புது ஓட்டைகள் மூன்று.

"எப்ப பாத்த எடை?"

"அவ இருந்தப்போ."

மூலையிலிருந்த எடை மெஷினில் ஏற்றினேன். நாற்பத்து மூன்று! மெஷினை எட்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு இத்தனை மாதம் அவர் வாய்ச்சொல்லை எழுதிய என்னை என்ன சொல்வது? கண்ணென்ன பொட்டையா எனக்கு? சரியான எடையைப் போட்டதும், நாற்பத்திரண்டு என்றிருந்த சிறுநீரகக் கணக்கு இருபத்தெட்டுக்கு இறங்கியது. அந்தச் சிறுநீரகத்துக்கு அவர் விழுங்கி வந்த அளவு ரொம்பவே அதிகம்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினார். கொஞ்ச நாள் யாராவது கூட இருந்து கவனிக்கட்டும் என்றார்.

"தப்பு என்னுதுதான்யா. மன்னிச்சிடுங்க."

"விடும்மா. நானே பாக்கல, நீ எங்க பாப்ப?"

பேனாவை எடுத்தேன்.

"மறுபடி விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க? நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே என் கை நின்றுவிட்டது. அது எங்கள் கடை நம்பர்.

மீதி எண்களையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்தேன்.