கரண்டுத் தொப்பி

சுருவில் ஊர் பஸ்ரியாம்பிள்ளைக்குப் பாரிசவாதம் வந்தபோது வலது கைதான் விழுந்தது. வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது.

கடற்தொழில் செய்த மனுசன். படகு இயந்திரத்தை ஒரே இழுவையில் கிளப்பிய கை, சட்டைப் பொத்தானைக்கூடப் பூட்டமாட்டாமல் தொங்கியது. யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் இதற்கு ஏதோ ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி யூலியானாதான் அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். ஈரப் பஞ்சு வைத்த தொப்பியைத் தலையில் மாட்டி மூளைக்கு மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். கூடவே கைப்பயிற்சியும் செய்யவேண்டும். பாதிப் பேருக்குத்தான் மின்சாரம், மற்றவர்களுக்கு வெறும் தொப்பி, யாருக்கு எது என்று கடைசியில்தான் தெரியும் என டொக்டர் தாரிகா விளக்கினார். பஸ்ரியாம்பிள்ளை "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். தொப்பி போட்டதும் தலை சுள்ளென்றது. தனக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

வீட்டில் பயிற்சி கொடுத்தது யூலியானா. காலையில் அவருடைய நல்ல இடது கையைப் பழைய சேலைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டு, முன்னால் ஒரு சுளகு நெத்தலிக் கருவாட்டை வைப்பாள். வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டியில் போடவேண்டும். பெண்சாதி கட்டிவைத்திருப்பதை யாரும் பார்த்துவிடக்கூடாதே! வாசல் படலையைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவதற்கு இடது கையை நீட்டுவார். "நான் என்ன உன்ர கூலியாளோ?" என்று சீறுவார். ஒருநாள் சுளகைக் காலால் தட்டிவிட்டார். அவள் பொறுக்கியெடுத்து, மண்ணை ஊதி, மறுபடியும் முன்னால் வைத்தாள்.

கை மெல்ல மெல்ல வந்தது. பெருநாளன்று மாதா கோயில் முற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் தூக்கிக் காட்டினார்.

"முழுக்க மெசின்ர வேலை! இவள் செய்தது சித்திரவதைதான். என்னைக் கட்டிவைச்செல்லோ வேலை வாங்கினவள்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற யூலியானாவும் சிரித்தாள். பிறகு கேத்திலோடு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

ஆய்வு முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டார்கள்.

"ஐயா, உங்களுக்குக் கரண்ட் தரேல்லை," என்றார் தாரிகா.

"என்ன பிள்ளை, தலை சுள்ளெண்டதே?"

"வெறும் தொப்பிக்கும் தொடக்கத்தில கொஞ்சம் கரண்ட் விட்டிட்டு நிப்பாட்டிப்போடுவம். ஆருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாதெல்லோ. கரண்ட் எடுத்த ஆக்களுக்கு அது உதவினதோ எண்டு இனித்தான் பாக்கவேணும். உங்கட கை பயிற்சியாலதான் வந்தது எண்டு நினைக்கிறம். வீட்டில ஆர் செய்விச்சது?"

யூலியானா குனிந்து சேலைத் தலைப்பில் இல்லாத நூலைப் பிடுங்கினாள். பதில் சொல்லவேண்டியவர் அவர். அந்தப் பொல்லாத வாய் இப்போது திறக்கவில்லை. முற்றத்துச் சிரிப்பெல்லாம் காதுக்குள் திரும்பி வந்தது. பஸ்ஸிலும் வெட்கம் முகத்தைச் சுட்டது. அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

சந்தியில் இறங்கியதும் ரஜீபன் மறித்தான். பெருநாளன்று எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன்.

"அண்ணை, மெசின் என்ன சொல்லுது?"

பஸ்ரியாம்பிள்ளை வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவருடைய தவிப்பைக் கண்ட யூலியானா முந்திக்கொண்டாள்.

"நல்ல மெசின், தம்பி. அதாலதான் கை வந்ததெண்டு டொக்டரும் சொன்னவ."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

அந்தப் பொய்தான் அவரைக் கொன்றது. ஊருக்கு முன்னால் அவளைச் சிரிப்புக்கு விற்றவர் அவர். அவரது மானத்தை மூடிக் காப்பாற்றிவிட்டு அவள் போகிறாள். தூ, நானும் ஒரு மனுசனோ என்றிருந்தது அவருக்கு.

"இல்லையடா. என்ர தொப்பியில கரண்டே இருக்கேல்லை. கை வந்தது இவளாலதான்."

ரஜீபன் கைகொட்டிச் சிரித்தான். "உங்கட பகிடிக்கு அளவேயில்லை, அண்ணை!"

"பகிடி இல்லையடா."

அதற்கும் சிரித்தான். யூலியானா அதற்குள் ஒழுங்கையில் திரும்பிவிட்டாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்தவர் கொடியில் கிடந்த சேலைத் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்து, இடது கையை நீட்டினார்.

"கட்டு."

"இனி ஏன்? கைதான் வந்திட்டுதே."

"கட்டு, யூலியானா."

அவள் கட்டினாள். பழக்கத்தில் படலையைச் சாத்தப் போனவளை மறித்து, அவரே வலது கையால் அதை அகலத் திறந்துவிட்டார். நெத்தலிச் சுளகை இழுத்து வாசலில் வைத்து, தெருவைப் பார்த்தபடி குந்தி, முதல் நெத்தலியைப் பொறுக்கினார்.