சடக்கென்ற கமராவும் சத்தமில்லாத கமராவும்

படம்பிடிக்கிற தொழிலில் இரண்டு வருத்தம் லேசில் மாறாது: ஒன்று குனிந்து குனிந்து இடுப்பில் வருகிற நாரிப்பிடிப்பு, மற்றது அடுத்த ஆளின் கையிலிருக்கிற புதுக் கமரா.

கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் கொடியேற்றம் என்று தோளில் பையைக் கொழுவிக்கொண்டு திரிகிற என் இனத்தாரே, உங்களுக்கும் இந்த இரண்டாவது வருத்தம் வந்திருக்கும். எனக்கு வந்தது போன வருசம். கிளிநொச்சியில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படம் எடுப்பது நான். லைற் பிடிப்பதும் ஓட்டோ ஓட்டுவதும் என் மனுசன் யோகன். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. ஒழுகுகிற ஸ்டூடியோக் கூரைக்குப் போடுவதா, புதுக் கமராவுக்குப் போடுவதா என்று இரண்டு பேரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தோம்.

மியூசியத்துச் சாமான்

முதலில் என் பழைய கமராவைப் பற்றிச் சொல்லவேணும். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு வீராதிவீரன். விசுவமடுவில் வயல் வரம்பில் வழுக்கி என்னோடு சேர்ந்து சேற்றுக்குள் விழுந்தது. துடைத்து வெயிலில் வைத்தேன், பின்னேரம் வேலை செய்தது. ஆனையிறவு உப்புக் குவியலுக்கு முன்னால் சோடிகளை நிறுத்தி நிறுத்தி எடுத்ததில் எத்தனையோ உப்புக்காற்றைக் குடித்திருக்கிறது. பிடியின் ரப்பர் உரிந்துபோக, சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசையால் ஒட்டி வைத்திருக்கிறேன். படம் எடுத்தால் "சடக்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கோ, மேளச் சத்தத்துக்குள்ளும் கேட்கும்.

ஆனால் இருட்டு மண்டபத்துக்குள் போனால் அதுக்குக் கண் தெரியாது. எதைப் பிடிப்பதென்று தெரியாமல் லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும். படமும் புள்ளி புள்ளியாய் வரும். ஒரு வரவேற்பில் நான் இப்படித் தடுமாறிக்கொண்டு நிற்க, லண்டனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைத் தோழன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். எனக்கென்றால் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்:

"அக்கா, குறை நினைக்காதேங்கோ, இது உங்கட கமராவோ, இல்லாட்டி மியூசியத்தில கேட்டு வாங்கினதோ?"

துளசி கேட்ட ஒரேயொரு படம்

நெடுங்கேணியிலிருந்து துளசி என்ற பிள்ளை கலியாணத்துக்குப் படம் பேச வந்தாள். மாப்பிள்ளை கனடா. கலியாணம் முடிய இவளும் போய்விடுவாள். வழக்கமாகப் பொம்பிளைப் பிள்ளைகள் வந்தால் அல்பத்தின் அளவிலிருந்து அட்டையின் நிறம் வரைக்கும் கேட்டுத் துளைத்தெடுப்பார்கள். துளசி அதெல்லாம் என் விருப்பம் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேணுமென்றது ஒன்றே ஒன்று: அவளுடைய அம்மா சிரிக்கிற படம்.

அம்மா சிவமலர் அக்காவை எனக்கு முன்பே தெரியும். மனுசன் இல்லாமல் தனியாளாய் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஓட்டி, வயல் செய்து இவளை வளர்த்தவா. அவாவின் சிரிப்பு அந்த ஊரில் பிரசித்தம். வயலில் சிரித்தால் றோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் படத்தில் அவா சிரித்ததே இல்லை. வீட்டிலிருந்த அல்பமெல்லாம் சண்டையில் இடம்பெயர்ந்த நேரம் தொலைந்துபோய்விட்டது. அதுக்குப் பிறகு அவாவை எடுத்த படமெல்லாம் முகாம் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் எடுத்ததுதான். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. கமராவைக் கண்டால் நாடியை நிமிர்த்தி, கையை நேரே விட்டு, வாயை இறுக்கி மூடிவிடுவா. எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று என் இனத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. போனில் எடுத்துப் பார்க்கவில்லையா என்று துளசியைக் கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கினாலும் பகிடியை விடவில்லை:

"போனைத் தூக்கினாலும் அம்மா பொலிசைக் கண்ட மாதிரித்தான் நிப்பா அக்கா. அந்தப் படத்தை நான் கனடாவில சுவரில கொழுவினா, வீட்டுக்கு வாறவை பயந்திடுவினம்."

பலகாரச்சூடு

கலியாணத்துக்கு முன்னால் அயல்பெண்கள் எல்லாரும் கூடிப் பலகாரம் சுடுகிற நாள் இருக்கிறதே, சிரிப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதனால் அன்றைக்கே நெடுங்கேணிக்குப் போய்விட்டேன். கொட்டில் முழுக்கப் புகை, எண்ணெய் மணம், ஊர்க்கதை. சிவமலர் அக்கா எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் பலகையில் இருந்துகொண்டு பயற்றம் பணியாரத்தைத் திருப்பித் திருப்பிப் போடுகிறா. யாரோ எதையோ சொல்ல, தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு சிரிப்பு!

நான் கமராவைத் தூக்கினேன். இருட்டுக் கொட்டில், லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுது. ஓடி முடிந்து "சடக்" என்றதும் அக்கா பட்டென்று எழும்பி, எண்ணெய்க் கரண்டியைப் பொலிஸ்காரர் துவக்குப் பிடிக்கிற மாதிரிப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நேராக நின்றா. கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவா மட்டும் அசையவில்லை. தாச்சிக்குள் பணியாரம் கருகுது. நான் கமராவைக் கீழே இறக்கும் வரைக்கும் பார்த்துவிட்டு, பொறுமையோடு கேட்டா:

"பிள்ளை, எடுத்தாச்சோ? எடுத்தாச்செண்டால் நான் இருக்கட்டே?"

மூச்சு விடலாமோ

முல்லைத்தீவில் பர்சானா என்று எனக்கொரு தொழில் தோழி. முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பக்கம் முழுக்க அவள்தான் எடுப்பாள். என்னைவிட இளசு, ஆனால் கண் இருக்கிறதே, அப்பப்பா! நான் ஒரு படத்துக்கு இடம் தேடி முடிக்க முன்னம் அவள் எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பாள். அவளிடம் புதுக் கமரா இருந்தது. ஆளின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடிக்கும், இருட்டிலும் முகம் பளிங்காய் வரும், விரும்பினால் ஒரு துளி சத்தமும் இல்லாமல் எடுக்கும். பலகாரச்சூட்டுக் கதையைக் கேட்டதும், "கொண்டுபோய்ப் பாருங்கோ அக்கா" என்று தூக்கித் தந்துவிட்டாள். அந்த மனசு ஆருக்கு வரும்? நானென்றால் என் பழசைக்கூட இன்னொரு ஆளின் கையில் குடுக்கமாட்டேன்.

அடுத்த நாள் விசுவமடுவிலிருந்து ஒரு கமக்காரர் குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். எல்லாரையும் இருத்தி, பர்சானாவின் கமராவால் எடுத்துத் தள்ளினேன். என்ன கமரா அது! எடுக்க எடுக்க ஆசை அடங்கவில்லை. படங்களைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டு நிமிர்ந்தால், முன்னால் இருந்தவர்கள் ஒருவரும் அசையக் காணோம். சின்னப் பிள்ளையின் முகம் சிவந்துபோச்சு. நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த கமக்காரர் உதட்டை அசைக்காமல் கேட்டார்:

"பிள்ளை, இன்னும் சத்தம் வரேல்லை. மூச்சு விடலாமோ?"

கடைசிப் பந்தி

அன்றைக்கு இரவு நானும் யோகனும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடியத்தான் எனக்குப் பொறி தட்டியது. சத்தம் வந்தால்தான் படம் என்று சனம் நினைக்குது. அப்படியென்றால் சத்தம் நின்றால் படமும் முடிந்தது என்றுதானே நினைக்கும்?

கலியாணத்துக்குப் பர்சானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டு, அறுகரிசி, ஆசீர்வாதம் எல்லாம் என் பழசால் "சடக் சடக்" என்று ஊருக்கே கேட்க எடுத்தேன். சிவமலர் அக்கா ஒவ்வொன்றிலும் அடையாள அட்டைதான். துளசி மணவறையிலிருந்து என்னைப் பார்த்துப் பார்த்துக் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை பிள்ளை போய்விடுவாள், பிறகு எங்கே போய் எடுக்கிறது?

எங்கள் தொழிலில் படக்காரருக்கு எப்பவும் கடைசிப் பந்திதான். நல்ல வீடென்றால் வீட்டுக்காரரே நின்று பரிமாறுவார்கள். அன்றைக்குச் சிவமலர் அக்காவே வந்தா. "டியூப்லைற்றுக்குக் கீழ சத்தமில்லாமல் எடுத்தால் படத்தில கோடு விழும்" என்று பர்சானா சொல்லியிருந்ததால், நாங்கள் யன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக இருந்தோம். நான் அவாவுக்குத் தெரியக்கூடியதாக என் பழைய கமராவைப் பைக்குள் வைத்து, சிப்பைச் சர்ரென்று இழுத்து மூடி, "அப்பாடா, படமெல்லாம் முடிஞ்சுதக்கா" என்றேன். அவாவின் தோள் இரண்டும் இறங்கினதை என் கண்ணால் கண்டேன். பர்சானா பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் சத்தமில்லாத கமராவோடு தூண் மறைவில் நின்றாள்.

மிச்சத்தை என் மனுசன் பார்த்துக்கொண்டார். திட்டம் போட்டு இல்லை, பசியில். பொரித்த கத்தரிக்காய் என்று நினைத்து மோர்மிளகாயை முழுசாக வாயில் போட்டுக் கடித்துவிட்டார். கண்ணாலும் மூக்காலும் ஓட, சோற்றுக் கரண்டியோடு நின்ற சிவமலர் அக்கா அவரைப் பார்த்தா. பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தச் சிரிப்பு வந்தது:

"பிள்ளையை அனுப்பப்போற நானே இன்னும் அழேல்லை, நீ ஏனப்பா அழுறாய்?"

வவுனியாக் கடை

பர்சானா எடுத்த அந்தப் படத்தைக் கண்டதும் துளசி மணவறைச் சேலையோடேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். எனக்கும் இனி யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த கிழமையே கூரைக் காசைக் கொண்டு வவுனியாவுக்குப் போனோம். கடைக்காரத் தம்பி பழசைத் தந்தால் விலையில் குறைப்பேன் என்று கேட்டுப் பார்த்தார். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் புதுசின் புகழையெல்லாம் அடுக்கிக்கொண்டே போக, யோகன் என் காதுக்குள் சொன்னார்:

"அது மழைக்குத் தாங்குமோ எண்டு முதல்ல கேளும். எங்கட கூரை தாங்காது."

சுவரில் ஒரு சிவமலர்

துளசி ஒரு பிரதியைக் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டாள். இன்னொன்றைச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். பிள்ளையை அனுப்பிவிட்டுத் தனியாக வந்த சிவமலர் அக்கா அதை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தா. படத்திலே கரண்டி ஒரு பக்கம், சேலைத் தலைப்பு ஒரு பக்கம், பல்லெல்லாம் தெரிய ஒரு பொம்பிளை. களவாக எடுத்ததுக்குப் பேச்சு விழப்போகுது என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவா கண்ணாடியைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மெல்லக் கேட்டா:

"நான் இப்பிடியோ சிரிக்கிறனான்? இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லையே!"

ஆகவே, புதுக் கமரா எடுத்தால் பிரயோசனமோ என்று கேட்கிற என் இனத்தாரே, கூரை ஒழுகினாலும் எடுங்கோ, ஆனால் பழசை மட்டும் விற்றுப்போடாதேங்கோ, ஆராவது ஒரு சிவமலர் அக்காவுக்கு முன்னால் பைக்குள் வைத்து மூடிக் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு கமரா இருக்கவேணும்.