அம்மாவுக்கு அனுப்பிய விளக்கு

லண்டனில் எனக்கு அது முதல் குளிர்காலம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வாடகை வீட்டின் பின்வாசலை நெருங்கும்போதெல்லாம் சுவரில் ஒரு விளக்கு பளிச்சென்று எரியும். வீட்டுக்காரக் கிழவி எனக்காக எழுந்துவந்து சுவிட்சைப் போடுகிறாள் என்று நினைத்து ஒருநாள் நன்றி சொன்னேன். “உனக்கில்லை, ஃபாக்ஸுக்கு” என்றாள். மாடியில் மிஸ்டர் ஃபாக்ஸ் என்று யாரோ குடியிருப்பதாகவே ஒரு வாரம் எண்ணியிருந்தேன். குப்பைத்தொட்டியைக் கிளற வந்த நரி அந்த வெளிச்சத்தில் மிரண்டு ஓடியபோதுதான் விளங்கியது. எது அசைந்தாலும் தானாக எரிகிற சென்சர் விளக்கு அது.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. ஊரில், லுணுகலைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், கழிப்பறைக்குப் போக வீட்டின் பின்னால் கற்படிகளில் இறங்க வேண்டும். நான் புறப்படுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா அங்கே வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். கொழுந்து பறிப்பது அதோடு நின்றது. லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டதாக அண்ணன் எழுதியதும் அதேபோல ஒரு விளக்கு வாங்கி, அதன் பக்கவாட்டில் கறுப்பு மையால் ‘அம்மாவுக்கு’ என்று எழுதிப் பார்சலில் அனுப்பினேன். அண்ணன் அப்போது பதுளை டவுனில் கடை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் செல்போனோடு லயத்துக்குப் போய் அம்மாவைப் பேச வைப்பார். “லைட்டு எரியுதாம்மா?” என்று மறக்காமல் கேட்பேன். “எரியுதுமா, கால வச்சதும் எரியுது” என்பார். மூன்று வருடம் அந்தச் சொல்லை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

முதல் விடுமுறையில் அண்ணன் என்னைப் பதுளையில் கட்டிய புது வீட்டுக்கு அழைத்துப்போனார். பொழுது சாய்ந்திருந்தது. கேட்டைத் திறந்ததும் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. பக்கவாட்டில் என் கையெழுத்து மங்கலாகத் தெரிந்தது.

“இது அம்மாவோடதுல்ல?”

“லயத்துல அது எதுக்கு தங்கச்சி? இங்கதான் ரோட்டோரம், கள்ளன் பயம்” என்றார் அண்ணன். குரலில் கூச்சமே இல்லை.

மறுநாள் பஸ் பிடித்துத் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் நெற்றியில் நான் பார்த்திராத தழும்பு ஒன்று இருந்தது. மறுபடியும் அதே படிகளில்தான் விழுந்திருக்கிறார். அண்ணன்மேல் இருந்த கோபம் அம்மாமேல் திரும்பியது.

“எரியுதுன்னு ஏம்மா சொன்ன?”

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினார். “போனு அவன் கையில. பக்கத்துலயே நிக்கிறான். வேற என்னத்த சொல்லுவேன்? நீ போயிருவ. நாளைக்கி அவந்தானே என்னையத் தூக்கிப் போடணும்.”

அண்ணன் எடுத்துக்கொண்டது ஒரு விளக்கைத்தான். நானோ என் நிம்மதிக்காக வாரந்தோறும் அம்மாவின் வாயிலிருந்து ஒரு பொய்யைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

அந்தி மங்கியதும் பின்பக்கம் போக எழுந்தேன். அம்மாவும் கூட வந்தார். சின்ன வயதில் ஓடி இறங்கிய படிகளில் என் கால் தடுமாறியது. ஒடிந்து கூடிய கையால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து வை. அடுத்த படி ஒடஞ்சிருக்கு” என்றார்.