கடைசி வரிசைக்குத் தெரியாத பலகை

மர்பி டவுன் ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளியின் மானியம் அவர் கையில் இருந்தது. பலகையில் எழுதியிருந்த பாட்டைப் பிள்ளைகள் பிசகாமல் சொன்னார்கள். ஒரு வாரமாக உருப்போட வைத்திருந்தேன். அவர் அதை அழித்துவிட்டு வேறொரு வரியை எழுதினார். கடைசி வரிசையில் இருந்த மேரி திருதிருவென்று விழித்தாள்.

"படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க. இங்கேர்ந்து பாத்தா பலகையில வெயில் மட்டும்தாங்க தெரியுது."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"டீச்சரம்மாகிட்ட ஏன் சொல்லலே?"

"சொல்லிக்குடுத்ததத் தவிர வேற எதுவும் பேசக்கூடாதுன்னு அவங்கதாங்க சொன்னாங்க."

மானியத்தை அவர் குறைக்கவில்லை. மறுநாள், பலகையை எங்கே மாட்டலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவரை அந்த அமைதியைத்தான் ஒழுக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.