பூட்ஸைக் கழற்றிய பள்ளங்கிக்காரன்

எதைத் தின்றாலும் மண்ணெண்ணெய் வாசனை.

அண்டார்டிகா என்றதும் மற்றவர்களுக்குப் பென்குயின் ஞாபகம் வரும். எனக்கு அந்த வாசனைதான். சப்பாத்தியில், டீயில், தலையணையில் கூட... எரிபொருள் பீப்பாய்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு இரண்டு நாள் போனால் எல்லாமே அப்படி ஆகிவிடும்.

நேற்று நம் ஸ்கூல் குரூப்பில் ஒருவன், "பனிக்குப் பயந்து வண்டிய நிப்பாட்டுன ஆளுதானப்பா நீ" என்று போட்டிருந்தான். அதற்கு ஒரே சிரிப்புப் பொம்மையாக வந்து விழுந்தது. சிரிங்க. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலைக்கிராமம் பள்ளங்கியில் பூண்டு லோடு ஜீப் ஓட்டினேன். பிறகு மலைப்பாதையில் மண் சரிந்தால் அள்ளும் பொக்லைன். அதை வைத்துத்தான் ஆராய்ச்சி ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்ட என்னை எடுத்தார்கள். கப்பல் பனியின் ஓரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், ரோடு என்று ஒன்று கிடையாது. டயருக்குப் பதில் பெல்ட் மாட்டிய வண்டிகளில் டீசல், அரிசி, மருந்து எல்லாம் இழுத்துப் போக வேண்டும்.

மூன்று வண்டி, ஏழு பேர். முன் வண்டி என்னுடையது. பக்கத்தில் உசிலம்பட்டி முத்தையா அண்ணன், ஸ்டேஷனுக்குச் சமையல்காரராக வந்தவர். டீம் லீடர் இரண்டாவது வண்டியில்.

இரண்டாம் நாள் காலையில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. நம் ஊர் பெருமாள்மலைப் பக்கம் மூடுபனி இறங்கினால் ரோட்டின் ஓரமாவது தெரியும். அங்கே வானம் எது, தரை எது என்றே தெரியவில்லை. வழிக்கு நட்ட கொடிகளைப் பனி மூடிவிட்டது. ஜிபிஎஸ் மட்டும் நேராகப் போ என்றது. அது போன வருடத்து வழி, பனியோ நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பனிக்கு அடியில் எங்கெங்கோ வெடிப்பு இருக்கும். மேலே மெல்லிய மூடி மாதிரி பனி படிந்திருக்கும். வண்டியோடு உள்ளே போனால் தேடவும் முடியாது.

நிறுத்தினேன்.

இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை முத்தையா அண்ணனிடம் கொடுத்துவிட்டு இரும்புக் கம்பியோடு முன்னால் நடந்தேன். ஆனால் அந்த பூட்ஸ் இருக்கிறதே... இரண்டு தலையணையில் நிற்கிற மாதிரி, கீழே என்ன இருக்கிறதென்று காலுக்கே தெரியாது.

எங்கள் ஊரில் மழை பெய்த மறுநாள் தோட்டத்துப் பாதையில் லோடு இறக்க வேண்டுமென்றால், டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் முழுப் பாதையும் நடந்து பார்க்க வேண்டும். செருப்போடு நடப்பவனை நம்பி யாரும் பூண்டு மூட்டை ஏற்ற மாட்டார்கள்.

வலது பூட்ஸைக் கழற்றினேன். இரண்டு சாக்ஸோடு பனியில் நின்றேன்.

"ஏலே, கிறுக்கா ஒனக்கு? வெரசா மாட்டு. வெரலு கழண்டு போகும்" என்று முத்தையா அண்ணன் கத்தினார்.

"ரெண்டு நிமிசம்ண்ணே. மேல கெட்டியா இருக்கு, உள்ள பொதபொதன்னு கெடக்கு. நம்ம லோடு தாங்காது."

கம்பியும் ஒரு இடத்தில் நின்றது, அடுத்த இடத்தில் சரேலென்று போனது. அதற்குள் லீடர் வந்துவிட்டார். இந்தியில்தான் பேசினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நானும் பதில் சொன்னேன்.

"மேல் பனி எங்கேயும் இப்படித்தான். ஜிபிஎஸ் சரியா காட்டுது. வண்டிய எடு."

"இந்த வழியில எடுக்க மாட்டேன் சார்."

"அடுத்த வருஷம் உன் பேர் லிஸ்ட்ல இருக்காது."

"வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க. நான் தள்ளி நடந்து வர்றேன்."

மற்ற இரண்டு டிரைவர்களையும் பார்த்தார். இருவரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மேற்கே சுற்றிப் போனோம். நான்கு மணி நேரம் கூடுதல்.

அந்த இடத்தில் உண்மையிலேயே வெடிப்பு இருந்ததா? தெரியாது. பிறகு யாரும் போய்த் தோண்டிப் பார்க்கவில்லை. இருந்தது என்று இன்று அடித்துச் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அது பொய்யாகிவிடும். என் கால் வேண்டாமென்றது. அவ்வளவுதான்.

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப் போயின. விழவில்லை. பூட்ஸைக் கழற்றியது தப்புதான், அதற்குத் திட்டு வாங்கினேன், சரி. வண்டியை நிறுத்தியதற்கும் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். கொடுக்கவில்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்... மூன்று வருடம் அந்த வண்டியைக் கனவில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கொடுக்கவில்லை.

இப்போது மறுபடி பள்ளங்கியில் கேரட், பூண்டு லோடுதான். மார்கழியில் அந்த இரண்டு விரலும் மரத்துப் போகும். போன மாதம் முத்தையா அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ ஒரு நாட்டு வண்டி, முன்னால் நீளமாக ஒரு கை நீட்டி, அதன் நுனியில் ரேடார். அடியில் வெடிப்பு இருந்தால் திரையில் காட்டுமாம். சந்தேகம் வந்தாலே மொத்த வரிசையும் நின்றுவிடுகிறது, யாரும் யாரையும் பயந்தாங்கொள்ளி என்பதில்லை. மிஷின் சொன்னால் நிற்கிறார்கள். பள்ளங்கிக்காரன் கால் சொன்னால் மட்டும் கடிதம் கேட்கிறார்கள்.

இன்று அதே இடத்தில் விட்டாலும் நிறுத்துவேன். குரூப்பில் நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரம் வீண் என்று அறிக்கையில் எழுதினார்கள். அன்று சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஏழு பேர் இறங்கினோம். அதை யாரும் எழுதவில்லை.