நாற்பது நிமிஷம் ரோட்டை மறித்த என் ஜீப்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை. ஹட்டன் பஸாரில் மாலைவரை கரண்ட் இருக்காது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கரண்ட் இல்லாத நாளில் என் போன் கடையைத் திறந்து வைத்தால் ஈதான் ஓட்ட வேண்டும். அதனால் புதிதாக வாங்கிய ஜீப்பை எடுத்துக்கொண்டு, வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஏறிப் பார்ப்பது என்று கிளம்பினேன். புதிது என்றால் எனக்குப் புதிது. ஜீப்புக்கு என்னைவிட நாலு வயதுதான் குறைவு.

அதற்கு முன் மூன்று வாரம் நான் தூங்கவே இல்லை என்று என் மனைவி சொல்வாள். காட்டுப் பாதைக்கு வண்டியைத் தயார் செய்வது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததெல்லாம் வீடியோ, செய்ததெல்லாம் என் தொழில். போனுக்கு உறை மாட்டி, கண்ணாடி ஒட்டி, ஸ்டிக்கர் அடித்துப் பிழைக்கிறவனிடம் ஒரு ஜீப் கிடைத்தால் என்ன செய்வான்? அதற்கும் அதையேதான் செய்தேன். இரண்டு பக்கமும் சிறுத்தை ஸ்டிக்கர். முன்னால் அகலமான பம்பர், அதில் ஆறு லைட். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் துருப்பிடித்த ஏதோ ஒரு குமிழ் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் வெள்ளி நிறத்தில் பளபளவென்று மூடி வாங்கி, போன் கண்ணாடி ஒட்டும் பசையால் ஒட்டிவிட்டேன். ஒட்டினால் பிரியவே பிரியாது என்று கஸ்டமர்களிடம் நானே சத்தியம் பண்ணும் பசை அது. டயருக்குக் கல் மாதிரி காற்று அடித்தேன். பின்னால் மடக்கு நாற்காலி, காஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, குடை எல்லாம் ஏற்றினேன்.

கூட வந்தது என் மனைவியின் தம்பி. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது காட்டுக்குப் போகுதா, கல்யாணத்துக்குப் போகுதா?" என்றான்.

மெயின் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் மழை. ஒரு வளைவில் சேறு, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. நான் ஃபோர்வீல் கம்பியை இழுத்துப் போட்டு, வீடியோவில் வருகிறவர் மாதிரி மச்சானைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மிதித்தேன். பின்சக்கரங்கள் சுற்றின. சேறு மச்சானின் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஜீப் பாதையின் குறுக்கே திரும்பி, வயிறுவரை இறங்கி உட்கார்ந்துவிட்டது.

எனக்குக் கவலையே இல்லை. மாட்டிக்கொள்வதும் பயணத்தில் ஒரு பகுதி என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மேலேயிருந்து தோட்டத்து டிரக்டர் ஒன்று, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது.

பின்பெட்டியில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு பெண்ணைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். முகம் முழுக்க வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது.

"மலையில குளவி கொட்டிருச்சி. வண்டிய எடுங்க தம்பி," என்றார் டிரக்டர்காரர். ஐம்பது வயதிருக்கும்.

"வராதுங்கண்ணே," என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை நான் சொன்னதில்லை.

வேறு பாதை இல்லை. தூக்கிக்கொண்டு நடந்தால் மெயின் ரோட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். போனில் சிக்னல் இல்லை, அதுவும் போன் கடைக்காரன் கையில். டிரக்டர்காரர் கயிற்றை எடுத்துவந்து, இழுக்கிற கொக்கி எங்கே என்று கேட்டார். கொக்கியை மறைத்துத்தான் நான் பம்பரே பூட்டியிருந்தேன். சரி, பம்பரிலேயே கட்டுவோம் என்று கட்டி, டிரக்டரைப் பின்னால் எடுத்தார். பம்பர் ஆறு லைட்டோடு டிரக்டர் பின்னால் போனது. ஜீப் இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு நாளாக இருந்தால் மச்சான் இதை வைத்தே ஒரு வருஷம் சிரித்திருப்பான். அன்று அவனும் அந்தப் பெண்ணின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஃபோர்வீல் போட்டீங்களா?"

"போட்டேண்ணே."

"அப்ப முன்வீல் ஏன் சும்மா நிக்குது?" குனிந்து சக்கரத்தைப் பார்த்தவர், வெள்ளி மூடியைத் தட்டினார். "இத எதுக்கு மூடி வச்சிருக்கீங்க?"

"அழகுக்குண்ணே," என்றேன். பழைய ஜீப்பில் கம்பியை இழுத்தால் மட்டும் போதாதாம். இறங்கிப்போய் இரண்டு முன்சக்கரங்களிலும் இருக்கிற குமிழைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டுமாம். அப்போதுதான் முன்சக்கரம் இழுக்கும். நான் அசிங்கம் என்று ஒளித்து வைத்தது அதைத்தான்.

ஒரு மூடி ஸ்குரூ டிரைவருக்கு வந்துவிட்டது. மற்றது வரவில்லை. என் பசை அவ்வளவு நல்ல பசை. கல்லால் அடித்து, விரலைக் கிழித்துக்கொண்டு பிய்த்தேன். அதற்குள் அவர் ஒரு ஆணியால் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டார்.

அந்த நேரத்தில் பெண்கள் பெட்டியிலிருந்து குதித்தார்கள். பனி நனைக்காமல், செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றியிருக்கும் தடித்த படங்குத் துணி இருக்கிறதே, அதை ஒவ்வொருவராக அவிழ்த்துச் சக்கரத்துக்குக் கீழே திணித்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. "தொர, நீங்க சைட்ல நில்லுங்க," என்று ஒருத்தர் என்னை நகர்த்தினார். தோட்டத்து மேனேஜரைக் கூப்பிடுகிற பெயர் அது.

டிரக்டர்காரர் என் சீட்டில் ஏறினார். எல்லோரும் முன்பக்கம் தோள் கொடுத்தோம். ஜீப் படங்குகளை மிதித்துக்கொண்டு பின்னோக்கி மெதுவாக இறங்கி, கீழே அகலமான இடத்தில் திரும்பி நின்றது. இந்தச் சேற்றில் டிரக்டரைவிட இதுதான் சீக்கிரம் போகும் என்றார் அவர். ஆனால் அந்தப் பெண்ணைப் படுக்கவைக்க இடம் எங்கே? நாற்காலி, அடுப்பு, ஐஸ் பெட்டி என்று என் சாகசம் முழுவதையும் பாதை ஓரத்தில் இறக்கி வைத்தோம். அவரும் நோயாளியும், பிடித்துக்கொள்ள இரண்டு பெண்களும் போனார்கள். சிக்னல் வந்ததும் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல மச்சானும் ஏறிக்கொண்டான். எனக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் அவர்களுக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

மிச்சப் பெண்களோடு நானும் நின்றேன். படங்குகளைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்து, பாதையோரக் கானில் ஓடிய தண்ணீரில் அலசினோம். இரண்டு கிழிந்துபோயிருந்தன. ஒருவராவது என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. ஒருத்தர் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். "குடிங்க தம்பி. வெரல்ல ரத்தம் வருது, மொதல்ல அதக் கட்டுங்க." இன்னொருத்தர் அலசிய படங்கை உதறிக்கொண்டே, "நல்லாத்தான் வேல செய்றாரு. நாளைக்குக் காலைல பெரட்டுக்கு வரச் சொல்லுங்கடி, பேரு போட்டு வேல குடுத்துருவோம்," என்றார். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் கீழே பாதையைப் பார்த்தார்கள்.

மேலே கோயிலுக்குப் பின்னாலுள்ள பாறையில் சிக்னல் வரும் என்றார்கள். ஓடினேன். ஏறி நின்று கொஞ்ச நேரத்தில் மச்சான் அழைத்தான். "ஊசி போட்டாச்சி மச்சான். மூச்சு சீரா வருது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா அவ்வளவுதான்னு டொக்டர் சொன்னாரு." நான் போனிலிருந்த படத்தைத் திறந்து, அதை எடுத்த நேரத்தை, ஜீப் கிளம்பியபோது பார்த்த நேரத்தோடு கணக்குப் போட்டேன். டிரக்டர் வந்தபின் அந்தப் பாதையை நான் மறித்து வைத்திருந்தது நாற்பது நிமிஷம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். வீக்கம் வற்றியிருந்தது. என்னைவிட இளையவர். யார் என்று தெரிந்ததும் சிரித்தார். "ஆறு லைட்டு போட்ட வண்டியாமே அண்ணே. எனக்குத்தான் கண்ணு தெரியல, பாக்கக் கெடைக்கல." நான் கொண்டுபோன மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஓரஞ்சை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜீப் இன்னும் இருக்கிறது, சிறுத்தையும் லைட்டும் இல்லாமல். அந்த மலையில் நாலைந்து வீடுகளில் என் நம்பர் இருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் போகிறேன், முதலில் இறங்கிக் குமிழைப் பூட்டிக்கொண்டு. ஆனால் அந்த வளைவு வரும்போதெல்லாம் எக்ஸிலேட்டரை அழுத்த எனக்கு வெட்கமாக இருக்கும். நான் ஓய்வு நாளில் விளையாடத் தேடிப்போன அந்தச் சேற்றுப் பாதையில்தான், அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது.