தெரு முழுக்க எழுதிக் கொடுத்தோம்

கான்ஸ்டபிள் முதன்முதலாக நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தொண்ணூறுகளின் தொடக்கம். செய்தித்தாளைப் பிரித்தாலே எந்த ஊரில் என்ன எரிந்ததோ என்று முதலில் தேடிய மாதங்கள் அவை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஒரு குடியிருப்பு நகரில் இருந்தோம். அத்தா, எங்கள் தகப்பனார், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே இரண்டு அறை வீடு கட்டியிருந்தார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட்.

"இன்னா பாய், ஊட்ல எத்தினி பேரு? சொந்த ஊரு எது? வெளியூர்லேர்ந்து யாரு யாரு வந்து போறாங்கோ? ஃபாரின்ல யார்னா கீறாங்களா?"

அத்தா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கேட்காமலேயே தொழிற்சாலை அடையாள அட்டையை எடுத்துவந்து காட்டினார். அம்மாவிடம் டீ போடச் சொன்னார். கான்ஸ்டபிளும் குடித்துவிட்டு, தம்ளரை மரியாதையாகவே கீழே வைத்துவிட்டுப் போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டைத் தாண்டினார். அதற்கடுத்த மூன்று வீடுகளையும் தாண்டினார். தையல்காரர் வீட்டு வாசலில் நின்று நோட்டைத் திறந்தார். தையல்காரரும் எங்கள் ஆட்கள்தான்.

"நம்ம வீடுகளுக்கு மட்டும்தான் போறாரு அத்தா."

"போகட்டும். மடியில கனமில்ல, வழியில பயமில்ல."

"பக்கத்து வீட்டு மடியில கனம் இருக்கா இல்லையான்னு ஏன் கேக்கல?"

அத்தா காலித் தம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவரைப் போன்றவர்களுக்கு அதற்குப் பதில் தெரியாமல் இல்லை. சொன்னால் அப்புறம் சும்மா இருக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்து கான்ஸ்டபிள் மறுபடி வந்தார். வீட்டு ஆண்கள் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரவேண்டுமாம். அத்தா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பத்து பதினொன்றானது, பன்னிரண்டானது. ஜும்ஆவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். "உக்காரு பாய், ஐயா வரட்டும்" என்றார்களாம். மூன்று மணிக்கு இரண்டு போட்டோவை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மூன்றே நிமிட வேலை.

நான் கம்பெனியிலிருந்து திரும்பியபோது சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு விவரம் தெரிந்து, காய்ச்சலில் விழுந்த நாட்கள் தவிர அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டதில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காது மடல் சுட்டது. அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பள்ளிவாசல் கமிட்டிப் பெரியவர்களிடம் போனேன். ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பயந்திருந்தார்கள். "நீ வயசுப் பொண்ணு, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சும்மா இருந்தா தானா அடங்கிடும்" என்றார் ஒருவர்.

"எங்க அத்தா சும்மாதான் இருந்தாரு. அஞ்சு மணி நேரம், பெஞ்சில."

சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது தையல்காரர் மனைவி காத்திருந்தார். அவருடைய கணவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். எண்ணி எண்ணிப் பேசுகிற பெண். "என்ன செய்யணும்னு சொல்லு. நானும் வர்றேன்" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அன்று இரவுச் சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது. கேள்வி கேட்பது அவர்கள் உரிமை என்றால் கேட்கட்டும். ஆனால் தெருவில் எல்லோரையும் கேட்கட்டும். கேட்க அவர்களுக்கு நேரமில்லை என்றால் நாமே கேட்டு எழுதிக் கொடுத்துவிடலாம்.

நான் டைப்பிங் படித்த இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் மெஷின் இருந்தது. கான்ஸ்டபிள் கேட்ட அதே கேள்விகளை, ஒன்றுகூட மாற்றாமல், ஸ்டென்சிலில் அடித்தேன். இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் பின்னால் நின்று படித்தார். பிரதி எடுக்கும் மெஷினின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் தையல்காரர் மனைவியும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றும் அக்காவின் வீடு அது. அந்த மண்ணின் பழைய விவசாயக் குடும்பம். எங்கள் நகரே அவர்கள் வயலில்தான் முளைத்தது.

"இன்னாம்மே இது?"

சொன்னேன். எங்கள் வீடுகளில் மட்டும் கேட்டதையும், அத்தாவைப் பெஞ்சில் உட்கார வைத்ததையும்.

"பாயையா? நம்ம பாயையா உக்கார வெச்சானுங்கோ?" கையிலிருந்த சாணியை வாளியில் உதறினார். "எனக்கு எய்த வராது. நீயே எய்திக்க. கேளு."

கேட்டேன். வெளியூரிலிருந்து யார் வந்து போகிறார்கள்?

"எம் மாமியா. அத்த நல்லா எய்து. வந்தா போவ மாட்டா, அதையும் எய்து. போலீஸ்காரன் வந்து இட்டுகினு போனா நல்லாருக்கும்."

தையல்காரர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா கைநாட்டு வைத்தார்.

எல்லா வீடும் அப்படி இல்லை. சிலர் படித்துவிட்டு, வம்பு வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள். பேங்கில் வேலை பார்த்தவர் வீட்டில்தான் எனக்கு அடி விழுந்தது. அவர் மனைவியும் நானும் காலையில் ஒரே ரயிலில் போவோம். ஒரே டப்பாவில் எலுமிச்சைச் சாதம் தின்றிருக்கிறோம். கதவைப் பாதி திறந்து, தாளை வாங்காமலே சொன்னாள்: "உங்க ஆளுங்க பண்றதுக்கு நாங்க எதுக்கு எழுதிக் கொடுக்கணும்?"

"நாங்க என்ன பண்ணோம்?" என்று கேட்டேன். கதவு மூடிக்கொண்டது. "அடுத்த வீடு" என்று மட்டும் சொன்னார் தையல்காரர் மனைவி.

தெருவில் பாதிக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீடுகளைவிட மற்ற வீட்டுத் தாள்கள்தான் அதிகம். மேலே ஒரு கடிதம் அடித்து வைத்தேன். எந்த உத்தரவின்படி சில வீடுகளில் மட்டும் விவரமும் போட்டோவும் வாங்கினீர்கள், அந்த உத்தரவின் நகல் வேண்டும். பாதுகாப்புக்காக என்றால், இதோ தெருவின் விவரம். இல்லை என்றால் எங்கள் போட்டோக்களைத் திருப்பித் தாருங்கள். ஒரு பிரதியைக் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பால்கார அக்காவையும் சேர்த்து ஒன்பது பெண்கள் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா வரவில்லை. அத்தா பஸ் ஸ்டாப் வரை வந்து, பஸ் கிளம்பும்வரை நின்றார்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படித்தார். தாள்களைப் புரட்டினார். மாமியார் பற்றிய வரியில் அவர் கண் கொஞ்சம் நின்றதைப் பார்த்தேன்.

"யாரும்மா உங்களக் கிளப்பி விட்டது?"

"ஒரு கான்ஸ்டபிள் சார். நோட்டோட வந்தாரு."

இன்ஸ்பெக்டர் தாள்களைத் தள்ளி வைத்தார். "இதெல்லாம் ரொட்டீன். மேலிடத்து விஷயம். உங்களுக்குப் புரியாது. வெச்சிட்டுப் போங்க."

"வெக்கிறோம் சார். வாங்கினதுக்கு சீல் போட்டுக் குடுங்க."

"அப்புறம் பாக்கலாம். வெளிய உக்காருங்க."

உட்கார்ந்தோம். பெஞ்சில் ஐந்து பேர், தரையில் நான்கு பேர். உள்ளே போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் பால்கார அக்கா எழுந்து வாசற்படியில் நின்று உள்ளே குரல் கொடுத்தார்.

"ஐயா, மாட்டுக்கு மடி கட்டிக்கும். நான் போயி கறந்துகினு திரும்பி வர்றேன். இவங்கோ இங்கதான் இருப்பாங்கோ. நாளைக்கும் வருவாங்கோ."

பத்து நிமிடத்தில் ஸ்டேஷன் ரைட்டர் சீலோடு வந்தார். என் கடிதப் பிரதியில் வட்டமாக ஊதா மை விழுந்தது. தேதியும் போடச் சொன்னேன். முறைத்துக்கொண்டே போட்டார்.

உத்தரவின் நகல் வரவே இல்லை. அப்படி ஒரு உத்தரவு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு நோட்டோடு யாரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. போட்டோக்களைக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். நான்காவது எழுதும் முன் ஒரு கவரில் போட்டு அனுப்பினார்கள். அத்தா தன்னுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்று அலமாரியில் வைத்தார். என்னைப் பாராட்டவில்லை. ஆனால் அந்த வார ஜும்ஆவுக்குப் பிறகு, என்னைத் தடுத்த அதே கமிட்டிப் பெரியவரை வீட்டுக்கு அழைத்துவந்து, "மனு எழுதணும்னா எம் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றார்.

பேங்க்காரர் மனைவி அதன்பின் வேறு பெட்டியில் ஏறினாள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவள் கதவுக்காக அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டிருப்பேனா என்றால், மாட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "ஸ்டேஷனுக்குப் போன பொண்ணு நீதானா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அவர்கள் பாயசத்தை முடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியல் வந்தது. தையல்காரர் வீட்டில் நான்கு பேரையும் காணோம். எங்கள் தெருவில் விடுபட்டவை எல்லாம் எங்கள் ஆட்களின் பெயர்கள். நானும் தையல்காரர் மனைவியும் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடுத்த வாரம் வாங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வர்றோம் சார். இன்னைக்கு வந்தோம்னு தேதி போட்டு எழுதிக் குடுங்க."